விமானி அறையும் கைத்தொலைபேசியும்

(பூவரசங்குளத்தில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு கொண்டாடும் நமது சங்கத்தின் செயலாளர் அக்கா சில கிழமைகளுக்கு முன் என்னோடு கதைத்தார். "நீர் விமானம் ஓட்டுறீர். அதைப்பற்றிப் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லும்" என்றார். எதைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் முதலில் கேட்டது, "நாளைக்குப் பறப்பு இருக்கோ? எத்தனை மணிக்குப் போனை நிற்பாட்டுவாய்?" என்பதுதான். அந்த ஒரு கேள்வியைக் கேட்க அம்மாவுக்கும் எனக்கும் பல வருடங்கள் எடுத்தன. அதையே இன்று பேசலாம் என்று முடிவுசெய்தேன்.

நான் பூவரசங்குளத்துப் பிள்ளை. படித்தது விடுதியில் இருந்து. அந்த நாட்களில் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தொலைபேசி இல்லை. அம்மா என்னோடு கதைக்க வேண்டுமென்றால் மன்னார் வீதியில் பஸ் ஏறி வவுனியா பட்டினத்துக்குப் போக வேண்டும். அங்கே கொமியூனிகேஷன் கடையில் வரிசையில் நின்று, நிமிடக் கணக்குக்குக் காசு கட்டி, விடுதிக்கு எடுப்பார். விடுதியிலும் ஒரே ஒரு தொலைபேசிதான். அது பொறுப்பாசிரியையின் அறையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்களைக் கூப்பிட்டு விடுவார்கள். வகுப்பு நாளில் அழைப்பு வந்தால் அவரே எடுப்பார், விசயம் என்னவென்று கேட்பார், பிள்ளையை இப்போதே கூப்பிட வேண்டுமா, இடைவேளைக்குச் சொன்னால் போதுமா என்று அவரே தீர்மானிப்பார். வகுப்பு நடக்கும்போது ஆயாம்மா கதவடியில் வந்து ஒரு பெயரைச் சொன்னால் முழு வகுப்பும் அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கும். என்ன செய்தி என்று எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். வன்னியில் வளர்ந்த எங்களுக்கு அந்த நாட்களில் தொலைபேசி என்றால் செய்தி. அதுவும் பெரும்பாலும் கெட்ட செய்தி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடிக்கும் தொலைபேசியை எடுக்காமல் விடுவது எங்கள் தலைமுறைக்கு இலேசான காரியமல்ல. அடித்தால் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மறுமுனையில் இருப்பவர் எதையெல்லாமோ நினைத்துவிடுவார். இந்தப் பழக்கத்தோடுதான் நான் விமானி அறைக்குள் போனேன்.

அங்கே ஒரு கண்டிப்பான ஒழுங்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை 'ஸ்டெரைல் கொக்பிட்' என்பார்கள். வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கிருமி நீக்கி வைப்பதுபோல, விமானி அறையில் தேவையற்ற பேச்சை நீக்கி வைப்பது. விமானம் தரையில் நகரத் தொடங்கியதிலிருந்து 10,000 அடி உயரம் ஏறும் வரையும், திரும்பி 10,000 அடிக்குக் கீழே இறங்கியதிலிருந்து நிறுத்துமிடம் சேரும் வரையும் பறப்புக்குத் தேவையானதைத் தவிர வேறெதையும் பேசக்கூடாது, செய்யக்கூடாது. 10,000 அடி என்றால் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர். எங்கள் நாட்டின் மிக உயரமான மலையான பிதுருதலாகலை 2,524 மீற்றர்தான். அதைவிட உயரே போன பிறகுதான் எங்களுக்குக் குடும்பக்கதை பேச அனுமதி. அந்த உயரத்தில் தவறு நடந்தால் திருத்த நேரம் இருக்கிறது. கீழே அந்த நேரம் இல்லை.

இந்த ஒழுங்கு ஒரு விபத்திலிருந்து பிறந்தது. 1974 ஆம் ஆண்டு செப்டெம்பர் 11 ஆம் திகதி அமெரிக்காவின் சார்லற் நகரில் ஈஸ்டர்ன் எயர்லைன்ஸ் விமானம் ஒன்று பனிமூட்டத்தில் ஓடுபாதைக்கு முன்னாலேயே விழுந்தது. அதில் இருந்த 82 பேரில் 72 பேர் இறந்தார்கள். ஒலிப்பதிவைக் கேட்டபோது, விமானிகள் இருவரும் இறங்கும் வேளையில் அரசியலையும் பழைய கார்களையும் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. இப்படியான விபத்துகளை ஆராய்ந்து 1981 இல் அமெரிக்கா இந்த விதியைச் சட்டமாக்கியது. பின்னர் ஐரோப்பாவும் சட்டமாக்கியது. இன்று உலகெங்கும் விமான நிறுவனங்கள் இதைத் தங்கள் கைந்நூல்களில் எழுதி வைத்திருக்கின்றன.

அந்தக் காலத்தில் பிரச்சினை வாய்ப்பேச்சு. பிறகு கருவிகள் வந்தன. 2009 ஆம் ஆண்டு ஒக்டோபர் 21 ஆம் திகதி சான் டியேகோவிலிருந்து மினியாபொலிஸ் சென்ற நோர்த்வெஸ்ட் விமானத்தின் விமானிகள் இருவரும் தங்கள் மடிக்கணினிகளைத் திறந்து, புதிய பணி அட்டவணை முறையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் அழைப்புகளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பதிலில்லை. இறங்க வேண்டிய நகரத்தைத் தாண்டி நூறு மைலுக்கு மேல் போய்விட்டார்கள். எத்தனை மணிக்கு இறங்குவோம் என்று விமானப் பணிப்பெண் ஒருவர் கேட்ட பிறகுதான் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று பார்த்தார்கள். யாருக்கும் காயமில்லை. ஆனால் இருவரின் அனுமதிப்பத்திரங்களும் பறிக்கப்பட்டன. 2014 இல் விமானிகள் கடமையிலிருக்கும்போது கைத்தொலைபேசி, மடிக்கணினி போன்றவற்றைச் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்துவது அமெரிக்காவில் முற்றாகத் தடைசெய்யப்பட்டது.

இன்று நான் சொல்ல வந்த விசயத்துக்கு மிக நெருக்கமான சம்பவம் எங்களுக்குப் பக்கத்தில், சிங்கப்பூரில் நடந்தது. 2010 ஆம் ஆண்டு மே 27 ஆம் திகதி. அவுஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து ஜெட்ஸ்டார் நிறுவனத்தின் ஏ321 விமானம் சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்தது. தலைமை விமானி புறப்படும்போது தன் கைத்தொலைபேசியை நிறுத்த மறந்துவிட்டார். விமானம் தரைக்கு நெருங்கி 2,500 அடிக்குக் கீழே இறங்கும்போது தொலைபேசிக்கு வலையமைப்புக் கிடைத்து, குறுஞ்செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. துணை விமானி ஒரு வேலையைச் செய்யும்படி கேட்கிறார். பதிலில்லை. திரும்பவும் கேட்கிறார். பதிலில்லை. திரும்பிப் பார்த்தால் தலைமை விமானி தொலைபேசியைக் கையில் வைத்திருக்கிறார். அவர் யாருக்கும் பதில் எழுதவில்லை. அதை நிறுத்தத்தான் முயன்றுகொண்டிருந்தார். அந்த நேரத்துக்குள் சக்கரங்களை இறக்க இருவருமே மறந்துவிட்டார்கள். எச்சரிக்கை ஒலித்தது. கடைசியில் தரையிறங்காமல் மீண்டும் மேலேழும்பினார்கள். அப்போது விமானம் 392 அடி வரை இறங்கியிருந்தது. நெடும்பனைகள் நாலை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் உயரம். இன்னும் அரை நிமிடத்தில் ஓடுபாதை.

தங்கைமாரே, இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த விமானி தொலைபேசியில் அரட்டை அடிக்கவில்லை. நிறுத்துவதற்கு மட்டுமே கையை நீட்டினார். அவ்வளவே போதுமாக இருந்தது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். துணை விமானியாகச் சேர்ந்த முதல் வருடம். ஒருநாள் இயந்திரங்களை இயக்குவதற்கு முன் படிக்கும் சரிபார்ப்புப் பட்டியலை நான் உரத்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். பாதி வழியில் என் பைக்குள் இருந்த தொலைபேசி அதிர்ந்தது. பக்கத்து ஆசனத்தில் இருந்த கப்டன் கையை உயர்த்தி நிறுத்தினார். "யாருடையது?" என்றார். "என்னுடையது, சேர்." "நிறுத்துங்கள். முதலாவதிலிருந்து வாசிப்போம்." ஏச்சுமில்லை, முகச்சுளிப்புமில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர அவர் விடவில்லை. குழம்பிய பட்டியலை முதலாவதிலிருந்து வாசிப்பதே முறை. ஏனென்றால் எந்த இடத்தில் விட்டோம் என்று எங்கள் ஞாபகம் சொல்வது பிழையாக இருக்கலாம். இறங்கிய பிறகு தொலைபேசியைப் பார்த்தேன். அழைத்தது அம்மா. "காலமை சாப்பிட்டியோ?" என்று கேட்கத்தான் எடுத்தாராம்.

அன்று நான் பிழை விட்டவள். மறுநாள் வேறொருவரின் தொலைபேசியும் அடிக்கலாம், அவர் என்னைவிட இருபது வருடம் மூத்தவராகவும் இருக்கலாம். அப்போது "சேர், உங்கள் தொலைபேசி" என்று நான் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வளர்ந்த பெண்பிள்ளைக்கு இது தொலைபேசியை நிறுத்துவதைவிடக் கடினம். பெரியவருக்குப் பிழை சுட்டிக் காட்டுவது மரியாதைக் குறைவு என்று வளர்த்துவிட்டார்கள். ஆனால் விமானத் துறை இதற்கும் பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1977 ஆம் ஆண்டு மார்ச் 27 ஆம் திகதி ரெனெரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். மற்ற விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று பறப்புப் பொறியியலாளர் ஒருவர் சந்தேகத்தோடு கேட்டிருந்தார். அனுபவம் மிக்க தலைமை விமானி விலகிவிட்டது என்றார். அதற்குமேல் யாரும் வலியுறுத்தவில்லை. அதன் பின்னர் இளையவர் வாய்திறப்பதும், மூத்தவர் அதைக் கேட்பதும் பயிற்சியாகவே கற்பிக்கப்படுகின்றன. மரியாதையாகவே சொல்லலாம். ஆனால் சொல்லியாக வேண்டும்.

இப்போது சற்றுக் கடினமான பகுதிக்கு வருகிறேன்.

என்னை வளர்த்தவர் அம்மம்மா. சில வருடங்களுக்கு முன் வளைகுடா நாடொன்றிலிருந்து கட்டுநாயக்கவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நாலரை மணித்தியாலப் பயணம். புறப்பட்டுச் சற்று நேரத்தில் இங்கே பூவரசங்குளத்தில் அம்மம்மாவின் உயிர் பிரிந்துவிட்டது. அம்மா என் தொலைபேசிக்கு எடுக்கவில்லை. நான் எழுதிக் கொடுத்திருந்த நிறுவனத்தின் கடமை அலுவலக இலக்கத்துக்கு எடுத்துச் சொன்னார். அவர்கள் நினைத்திருந்தால் எனக்குச் செய்தி அனுப்பியிருக்கலாம். பறந்துகொண்டிருக்கும் விமானத்துக்கு எழுத்துச் செய்தி அனுப்ப வழி உண்டு. அவர்கள் அனுப்பவில்லை. நான் விமானத்தை இறக்கி, நிறுத்துமிடத்துக்குக் கொண்டுவந்து, இயந்திரங்களை நிறுத்தி, பட்டியலை முடித்த பிறகுதான் அலுவலர் ஒருவர் உள்ளே வந்தார். கப்டனை வெளியே கூப்பிட்டுக் கதைத்தார். பிறகு இருவருமாக என்னிடம் வந்து சொன்னார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. நாலு மணித்தியாலமாக எனக்குத் தெரியாமல் ஊரே அழுதிருக்கிறது. நானோ இடைவழியில் தேநீர் குடித்துச் சிரித்துக் கதைத்திருக்கிறேன். அந்தக் கோபம் இன்றைக்கும் முழுதாய்ப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய்.

ஆனால் அன்று இரவு வவுனியாவுக்கு வரும் வழியில் ஒன்றை யோசித்தேன். என் பின்னால் இருந்தவர்களில் அரைவாசிக்கு மேல் பெண்கள். வீட்டு வேலைக்குப் போய் இரண்டு மூன்று வருடங்களுக்குப் பிறகு பிள்ளைகளைப் பார்க்கத் திரும்பியவர்கள். அவர்களுடைய தொலைபேசிகளும் நிறுத்தித்தான் இருந்தன. அவர்களுக்கும் வீடு இருக்கிறது. விமானம் இறங்கும் அந்தப் பதினைந்து நிமிடம் அவர்கள் எல்லோருக்கும் என் கண்ணும் காதும் தேவைப்பட்டன. செய்தி தெரிந்திருந்தால் என் கை வேலை செய்திருக்கும். காது எங்கே இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அம்மம்மா ஆறு பிள்ளைகளைப் பெற்றவர். மற்றத் தாய்மாரின் பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த பிறகு வந்தாய் என்றால் அவர் குறை சொல்லியிருக்க மாட்டார். மறுநாள் காலை வந்து சேர்ந்தேன். கிரியைகள் அதற்குப் பிறகுதான் தொடங்கின.

இதே செய்தி புறப்படுவதற்கு முன் வந்திருந்தால் ஒழுங்கு வேறு. அப்போது மறைக்கமாட்டார்கள். உடனே சொல்லி என்னைக் கடமையிலிருந்து இறக்கி, தயார்நிலையில் இருக்கும் வேறொரு விமானியை ஏற்றுவார்கள். ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் விமானி தன்னிடமே ஆறு கேள்விகள் கேட்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நோய் இருக்கிறதா, மருந்து எடுத்திருக்கிறேனா, மன அழுத்தமா, மது அருந்தினேனா, களைப்பா, உணர்ச்சிவசப்பட்டிருக்கிறேனா. கடைசிக் கேள்வியை எங்கள் ஆட்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். வீட்டில் சண்டை பிடித்துவிட்டு, தொலைபேசியில் கத்திவிட்டு, "எனக்கு ஒன்றுமில்லை" என்று ஆசனத்தில் ஏறி உட்காருவது வீரமல்ல.

ஆக, நான் கண்டுகொண்டது இதுதான். கடமை நேரத்தில் தொலைபேசியை எடுக்காமல் இருப்பது ஒரு தனிமனிதரின் மனக்கட்டுப்பாட்டால் மட்டும் ஆகிற காரியமல்ல. "எடுக்காதே" என்று சொன்னால் போதாது. உண்மையான அவசரம் வந்தால் அது வந்து சேர ஒரு வழி இருக்கிறது என்ற நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கை இருந்தால்தான் மனம் அடங்கும். எங்கள் விடுதிப் பொறுப்பாசிரியை செய்ததும் அதைத்தான். அழைப்பை வாங்கி வைத்துக்கொள்ள ஓராள் இருந்தபடியால் நாங்கள் கணக்குச் செய்துகொண்டிருந்தோம்.

விமானிகளின் இந்த ஒழுங்கில் நீங்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடியது என்ன?

முதலாவது, உங்கள் வேலையில் "10,000 அடிக்குக் கீழே" எது என்று தீர்மானியுங்கள். முழு நாளும் அப்படியல்ல. தாதிக்கு அது மருந்து அளக்கும் நேரம். வங்கியில் காசு எண்ணும் நேரம். ஆசிரியைக்கு வகுப்பு நேரம். சாரதிக்கு வாகனம் ஓடும் நேரம் முழுவதும். அந்த நேரத்தில் தொலைபேசி அதிர்வில்கூட இருக்கக்கூடாது. மற்ற நேரத்தில் தாராளமாகக் கதையுங்கள். கதைக்கும்போதும் சீருடையோடு நோயாளர் முன்னாலோ வாடிக்கையாளர் முன்னாலோ நின்று கதைக்காமல் ஒருபக்கமாகப் போய்ச் சுருக்கமாகக் கதையுங்கள். எங்களுக்கும் அதுதான் முறை.

இரண்டாவது, வீட்டாருக்கு அந்த நேரத்தைச் சொல்லி வையுங்கள். என் பணி அட்டவணை அம்மாவின் குசினியில் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. நான் இறங்கியதும் "தரை" என்று ஒரு சொல் அனுப்புவேன். அது வரும் வரை அவர் எடுக்கமாட்டார். வந்த பிறகு அரை மணித்தியாலம் கதைப்பார்.

மூன்றாவது, அவசரத்துக்கு ஓர் இலக்கம் கொடுங்கள். அது உங்கள் தொலைபேசி இலக்கமாக இருக்க வேண்டாம். வேலைத்தலத்தின் இலக்கமாக இருக்கட்டும். எது அவசரம் என்பதையும் இருந்து கதைத்து முடிவுசெய்யுங்கள். அலுவலகங்களில் பொறுப்பாக இருக்கும் அக்காமாரே, உங்களுக்குக் கீழே வேலை செய்யும் பிள்ளைகளின் தொலைபேசியை வாங்கி வைப்பதற்கு முன் அவர்கள் வீட்டுக்கு அந்த இலக்கத்தைக் கொடுத்துவிடுங்கள். செய்தி வந்தால் மறக்காமல் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் தடை மட்டும் போட்டால் அந்தப் பிள்ளை மேசைக்குக் கீழே பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

நான்காவது, பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது சாரதியின் காதில் தொலைபேசியைக் கண்டால் வாய்திறவுங்கள். "அண்ணை, நிற்பாட்டிப்போட்டுக் கதையுங்கோ" என்றால் போதும். மன்னார் வீதியில் நானே சொல்லியிருக்கிறேன். முறைத்துப் பார்த்தார். ஆனால் வைத்துவிட்டார்.

இந்த மலரை ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருந்து வாசிக்கப்போகும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கோடைகாலத்தில் ரொறன்ரோவில் இரவு பத்து மணி என்றால் இங்கே மறுநாள் காலை ஏழரை. உங்களுக்கு வேலை முடிந்து மனம் ஆறுதலாக இருக்கும் நேரம். இங்கே பாடசாலை மணி அடிக்கும் நேரம். ஆசையோடுதான் எடுக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். எடுக்க முன் "வேலையோ?" என்று ஒரு குறுஞ்செய்தி போடுங்கள். பதில் வராவிட்டால் பயப்படாதீர்கள். நாங்கள் மருந்து அளந்துகொண்டிருக்கலாம், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கலாம், இறங்கிக்கொண்டிருக்கலாம். முடிந்ததும் நிச்சயம் எடுப்போம்.

நாளை பிற்பகல் எனக்குப் பறப்பு இருக்கிறது. அம்மா முன்வரிசையில்தான் இருக்கிறார். நேரம் அவருக்குத் தெரியும்.